அம்மா சொல்லாத தெரு

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டுக் கூடம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அங்கே எந்நேரமும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கூலி கிடைக்காதவர்கள், புருஷன் அடித்தான் என்று வந்தவர்கள், பட்டாவுக்கு அலைகிறவர்கள், பீங்கான் கம்பெனிகள் இருக்கிற செராமிக் எஸ்டேட்டில் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள். விடிவதற்கு முன்பே வந்து கதவைத் தட்டுவார்கள். அம்மா எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள்.

ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டது. கட்சித் தலைவர் இல்லை. விருத்தாசலத்தில் மண் வேலை செய்கிற குடும்பங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதற்குத் தலைவர். பானையும் ஓடும் செய்துகொண்டிருந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் எஸ்டேட்டுக்குப் பீங்கான் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவர்களுக்கும் அவரே தலைவர் ஆகிவிட்டார். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது அவர் கடலூருக்கு நடையாய் நடந்ததால்தான். எஸ்டேட்டில் ஒரு பெண்ணின் விரல்கள் பிரஸ்ஸில் மாட்டி நசுங்கியபோது முதலாளி ஒரு துணியைச் சுற்றி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். அப்பா கம்பெனி கேட்டின் குறுக்கே தரையில் உட்கார்ந்தார். கார் வந்து, அந்தப் பெண்ணைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எழுந்தார்.

இதையெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அம்மாவும் சொல்லக்கூடியது வேறு. என் கல்யாணத்தன்று காலையில் யாரையோ போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரப் போனவர், தாலி கட்டுகிற நேரத்துக்குத்தான் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அந்தக் கல்யாணம் இரண்டு வருடம்கூட நிலைக்காமல் நான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். அப்போது அப்பா தன் சார்பில் பஞ்சாயத்துப் பேச யாரையும் அனுப்பவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தையெல்லாம் தீர்த்துவைத்தவருக்குத் தன் பெண்ணின் பஞ்சாயத்தில் வாய் வரவில்லை. "இரும்மா, இங்கயே இரு" என்று மட்டும் சொன்னார். எஸ்டேட்டில் மின்சாரப் பியூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டையான பியூஸ் கேரியர் செய்கிற ஒரு கம்பெனியில், ஓரப் பிசிரைக் கத்தியால் எடுக்கிற வேலைக்கு நான் போக ஆரம்பித்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு நெஞ்சில் இரைப்பு வந்து, படுக்கையில் விழுந்து, இறந்தார். வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். திட்டக்குடியிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்தார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. நாலைந்து வருடம் எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. அம்மா காலையில் வெயில் வந்த பிறகு எழுந்தாள். எனக்கும் அவளுக்கும் அது பிடித்திருந்தது. ஊரில் யாரிடமும் இதைச் சொல்லிவிட முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் சங்கத்தின் புதுச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னைவிட வயதில் சின்னவன். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடித் திரிந்தவன். நான் ஷிப்டு முடிந்து, தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசியோடு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, ஒரு நல்ல சேதி. நம்ம தெருவுக்குத் தலைவர் பேர வைக்கறதுன்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டோம்."

அம்மாவின் கை நிற்கவில்லை. "எதுக்குப்பா?" என்றாள்.

"எதுக்கா? அவரு நமக்கு எவ்ளோ செஞ்சாரு? நாம அவருக்கு என்ன செஞ்சோம்?"

"இப்ப இருக்கற பேருக்கு என்ன கொறச்சல்?"

எங்கள் தெருவுக்குக் களத்துமேடு என்று பெயர். எப்போதோ அங்கே நெல் அடிக்கிற களம் இருந்ததாம். செயலாளர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"என்னமோ செய்யுங்க தம்பி" என்றேன். எனக்கு அப்போது குளித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அவன் போன பிறகு அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பேர வெச்சா நான் எப்பிடிடி தெருப் பேர வெளிய சொல்றது?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதே கிடையாது. என்னிடம் பேசும்போது 'ஒங்கப்பா'. அக்கம்பக்கத்தில் 'எங்க வூட்டுல', இல்லையென்றால் 'இவரு'. அப்பாவுடையது சாமி பெயர். அந்தச் சாமியையே அவள் வேறு பெயர் சொல்லித்தான் கும்பிடுவாள். ஆபீஸிலோ ஆஸ்பத்திரியிலோ புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பாள். அவர் புரிந்துகொண்டு சொல்லிவிடுவார். அந்தக் காலத்துப் பெண்கள் பலரும் அப்படித்தான். அப்பா இறந்த பிறகும் அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் யாரும் வைக்க மாட்டாங்க. முனிசிபாலிட்டில ஒரு தெரு வெளக்கு போடவே ஒரு வருஷம் ஆவுது" என்றேன்.

அப்போது உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் நகராட்சியைத் தனி அலுவலர் பார்த்துக்கொண்டிருந்தார். மனு அங்கே போய்க் கிடந்தது. செயலாளர் விடவில்லை. வாரா வாரம் போய் நின்றான். பிறகு தேர்தல் வந்து, எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் வந்தார். ஓட்டுக் கேட்டு வந்தபோதே தெருவுக்கு அப்பாவின் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்ததால் காரியம் வேகமாக நகர்ந்தது. தெருவில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள்.

ஆட்சேபணை சொன்னது ஒரே ஒருவர். அவரைத் தெருவே 'கம்மாபுரத்தார்' என்று சொல்லும். நான் மாமா என்று கூப்பிடுவேன். அம்மா அவரை அண்ணே என்பாள், சொந்தமெல்லாம் இல்லை. கம்மாபுரத்துப் பக்கம் அவருக்கு நல்ல நிலம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். அவர் ஊரையே எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு வந்து எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் வீடு கட்டிக்கொண்டார். அந்தக் கோடியில் விவசாயக் குடும்பங்கள். எங்கள் கோடியில் மண் வேலைக் குடும்பங்கள். நடுவில் மாரியம்மன் கோயில்.

கோயிலுக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். நானும் அம்மாவும் பெண்களோடு ஓரத்தில் நின்றோம். மாமா எழுந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பேசினார்.

"தலைவருக்கு மரியாத செய்யறதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்லீங்க. மண்டபம் கட்டுங்க, நானும் தரேன். குழாயடியில கல்லு நடுங்க. தெரு பேர மட்டும் விட்டுருங்க. எங்க ஊரு இருந்த எடம் இப்ப பள்ளம். பஸ்ஸுல ஏறி எங்க ஊரு பேர சொல்லி ஒரு டிக்கெட்டு கேக்க முடியாது. ஜில்லா பேர மாத்தறாங்க, பஸ்ஸு பேர மாத்தறாங்க. இந்தத் தெரு பேராச்சும் அப்பிடியே இருக்கட்டுமே. நெலத்துக்குப் பதிலா சுரங்கத்துல வேல தரேன்னு சொல்லியிருக்காங்க. என் பையன் பேருல அந்த மனு எல்லாம் களத்துமேடுன்னுதான் குடுத்து வெச்சிருக்கேன்."

செயலாளர் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். "மாமா, பேரு மாறினா மனுவும் மாறும். ஊருல நடக்காததா?"

"மாறாதுப்பா. நான் அந்த ஆபீஸுக்குப் போயிட்டு வரவன். ஒனக்குத் தெரியாது."

அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "மண்ணு மெதிக்கறவன் பேரு வெச்சா ஒங்க கௌரவம் கொறஞ்சிடுமா? அத நேரா சொல்லுங்களேன்!"

மாமா அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. நாலு பேர் எழுந்தார்கள். மேற்குக் கோடியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். செயலாளர் நடுவில் புகுந்து கையை விரித்துத் தடுத்தான். அப்படியும் மாமாவின் சட்டை கிழிந்தது, மூக்குக் கண்ணாடி விழுந்தது. அவர் குனிந்து தரையில் தடவிக் கண்ணாடியை எடுத்து, சட்டையின் கிழிந்த பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். யாரும் கூடப் போகவில்லை. அம்மா ஒரு அடி எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்ததும் அம்மா, "வா, போயி பாத்துட்டு வரலாம்" என்றாள். கால் கழுவாமல் அப்படியே கூடப் போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை.

"ஒன் வூட்டுக்காரருக்கு நான் எதிரியா தங்கச்சி?" என்றார் மாமா. "சுரங்கத்து ஆபீஸுக்கு மொத மொதல்ல என்னைக் கூட்டிட்டுப் போனதே அவருதான். அந்த மனுவ எழுதினதும் அவருதான். தெருப் பேரு களத்துமேடுன்னு எழுதினதும் அவரு கைதான்."

அம்மா தலையை ஆட்டினாள். "தெரியும்ணே. எனக்கும் அந்தப் பேரு வேணாம்."

"அப்ப அத நீ சொல்லு. நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

"நான் சொன்னா எடுபடுமா? அவரு இருந்தப்பவே எடுபடல."

ஆனால் அவள் சொல்லிப் பார்த்தாள். செயலாளரை வரச் சொல்லி, "வேணாம்ப்பா. சண்டை வேணாம். மண்டபம் கட்டுங்க, அது போதும்" என்றாள். அவன் முகம் வாடிவிட்டது. கெட்டவன் இல்லை அவன். அப்பா மீது உண்மையான பிரியம் வைத்திருந்தவன். ஆனால், "பெரியம்மா, இது உங்க வூட்டு விஷயம் இல்ல. தலைவரு எல்லாருக்கும் பொது" என்றான். அப்பாவும் பல தடவை இதே மாதிரி சொல்லியிருக்கிறார்.

பெயர்ப்பலகை திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் எனக்குத் தூங்கக் கிடைக்கிற ஒரே நாள். காலையிலேயே ரேடியோ செட் கட்டிவிட்டார்கள். பத்து மணிக்கு என்றார்கள். திறந்துவைக்க வேண்டியவர் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வெயில் உச்சிக்கு வந்த பிறகு வந்தார். அதுவரை அம்மாவை மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அப்போதே அவளுக்கு ஒரு கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேற்குக் கோடியில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.

பேசியவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். விரல் நசுங்கிய பெண் மேடைக்கு வந்து, மீதி விரல்களால் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் அழுதாள். அப்போது எனக்கும் அழுகை வந்தது. அப்பா எனக்கு இல்லாமல் போன நாட்களில் யாருக்கோ இருந்திருக்கிறார் என்று தோன்றியது. அது ஆறுதலாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு.

பிறகு அம்மாவிடம் மைக்கை நீட்டி, "தலைவர் பேர ஒரு தடவ சொல்லி, வாழ்கன்னு சொல்லுங்கம்மா. நாங்க எல்லாரும் சேந்து சொல்றோம்" என்றார் கவுன்சிலர். விளையாட்டாகத்தான் சொன்னார். கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். "வெக்கப்படறாங்க" என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் வெட்கப்படவில்லை. எனக்கு அவள் முகம் தெரியும். அவளுக்கு எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது.

பலகை வந்த பிறகு ஒரு வருடத்துக்குள் ரேஷன் கார்டுகளைப் புதுப்பித்தார்கள். எல்லோர் கார்டிலும் தெருப் பெயர் மாறியது. எங்கே போனாலும் அம்மாவிடம் முகவரி கேட்டார்கள். "களத்துமேடு" என்பாள். பழைய ஆட்கள் புரிந்துகொண்டார்கள். புது ஆட்கள், "அப்பிடி ஒரு தெரு லிஸ்டுல இல்லீங்களே" என்றார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. நான் வேலைக்குப் போயிருந்ததால் தனியாகப் போனாள். அங்கே பெயர் எழுதிய பெண், வெளியூர்ப் பெண், "தெரு பேரு சொல்லுங்கம்மா, பின்னாடி ஆளு நிக்கறாங்க" என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். பக்கத்தில் தெரிந்த முகம் எதுவும் இல்லை. அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து, அப்படியே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள்.

மாலையில் எனக்குத் தெரிந்ததும் கோபம் வந்தது. "அவருதான் போயிட்டாரே. இன்னும் என்னம்மா? சொன்னா என்ன ஆயிடும்?" என்று கத்தினேன்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணும் ஆவாதுதான். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அது ஒண்ணுதான் இருந்துது. மத்ததெல்லாம் தெருவுக்குன்னு ஆயிடுச்சு. அதையும் இப்ப பலகையில எழுதி ஆணி அடிச்சிட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் போகிற எல்லா இடத்துக்கும் நானும் போனேன். ரேஷன் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பென்ஷன் விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்கு. பக்கத்தில் நின்று அப்பாவின் பெயரைச் சொல்வதற்காகவே வேலையில் அரை நாள் லீவு கேட்பேன். மேஸ்திரி முறைப்பார். கியூவில் நிற்கும்போது நின்றபடியே கண் அசந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் விஷயம் காதில் விழுந்தது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மாமாவின் மகன் பெயரும் வந்திருந்தது. ஆனால் மனுவில் களத்துமேடு. ரேஷன் கார்டில் அப்பாவின் பெயரில் தெரு. அதே பெயரில் இன்னொருவரும் மனுக் கொடுத்திருந்ததால், மனுவில் இருப்பவரும் கார்டில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்று தெரியவில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். தாசில்தாரிடம் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு, அதே தெருவில் ரொம்ப நாளாக இருக்கிற இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்து வரச் சொன்னார்களாம். மேற்குக் கோடியில் இருப்பவர்கள் எல்லோரும் அவருக்குச் சொந்தம். அது செல்லாது என்றிருக்கிறார்கள். எங்கள் கோடிக்கு வந்து யாரையும் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

அம்மா இதைக் குழாயடியில் கேட்டுவிட்டு வந்தாள். "நாளைக்கு லீவு போடறியா?" என்றாள்.

"போன வாரம்தானம்மா போட்டேன்."

"தெரியும்."

நான் சரி என்றேன். அம்மா அப்போதே மேற்குக் கோடிக்குப் போய், வெளியிலிருந்தே, "அண்ணே, நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு? நாங்க ரெண்டு பேரும் வரோம்" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

காலையில் மாமா, அவர் மகன், அம்மா, நான் நால்வரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் தூரத்தில் கறுப்பு மண்ணைக் குவித்த மேடு தெரிந்தது. "அங்கதான்" என்றார். அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. "ஆமாண்ணே" என்றாள்.

ஆபீஸில் எங்களைக் கூப்பிட மத்தியானம் ஆகிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த ஆபீஸர் தன்மையாகத்தான் பேசினார். அவருக்கும் அன்றைக்கு நிறைய ஆட்களைப் பார்த்த அலுப்பு இருந்தது. முதலில் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க எந்தத் தெரு?"

"களத்துமேடு சார்."

"இப்ப இருக்கற பேரு சொல்லுங்க. கார்டுல இருக்கற பேரு."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க சொல்லிட்டீங்க. அவங்க சாட்சிய அவங்கதான் சொல்லணும்."

மாமா பின்னாலிருந்து, "சார், அது அவங்க வூட்டுக்காரர் பேரு சார். அவங்க சொல்ல மாட்டாங்க" என்றார். ஆபீஸருக்கு அது சரியாகப் புரியவில்லை. அல்லது புரிந்தும், என்ன செய்வது என்று தெரியவில்லை. பேனாவை மூடிப் பையில் வைக்கப்போனார்.

அம்மா சொன்னாள். அப்பாவின் பெயரை, முன்னால் இருந்த இனிஷியலோடு, பின்னால் 'தெரு' என்று சேர்த்துச் சொன்னாள். குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. "முன்னாடி களத்துமேடு. இப்ப இந்தப் பேரு. ரெண்டும் ஒரே தெருதான் சார். இவரு அங்க வூடு கட்ன நாள்லருந்து எனக்குத் தெரியும். இவரு பையன் வளந்ததும் அங்கதான்."

நான் பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றேன். அவள் குரலில் அந்தப் பெயர் வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது. அப்பாவின் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆபீஸர் எழுதிக்கொண்டு, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றார்.

வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மாமாவின் மகன் டீ வாங்கி வந்தான். மாமா அம்மாவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "தங்கச்சி…" என்றவர் நிறுத்திவிட்டார்.

"டீ ஆறுதுண்ணே, குடிங்க" என்றாள் அம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவளை எழுப்பி ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. மனம் வலித்ததா என்றா? லேசாக இருந்ததா என்றா? கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அன்று ராத்திரி மாமாவின் மனைவி ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். இரண்டு கோடிகளுக்கும் பேச்சு அதோடு தொடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு இன்னும் நாள் ஆனது. செயலாளருக்குப் பிறகு விஷயம் தெரிந்தது. மாமாவின் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறான். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. அந்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மாமா வாடகைக்கு விடுகிற டிராக்டரில்தான் சாமி போனது. மாமாவின் மகனுக்கு வேலை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சொன்னது போல் நிரந்தர வேலை இல்லை, கான்ட்ராக்ட் வேலை. ஆனாலும் வந்தது. அம்மா அதற்குப் பிறகு கேட்கிற இடத்தில் தெருப் பெயரைத் தானே சொன்னாள். கார்டில் இருப்பதைப் படித்துக் காட்டுகிறவள் போலச் சொல்வாள். அப்பாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் முன்போலவே 'ஒங்கப்பா'. எனக்கு அரை நாள் லீவுகள் மிச்சமாயின.

சுரங்கத்து ஆபீஸுக்குப் போய் வந்த மறுநாள் எனக்குக் காலை ஷிப்டு. உடம்பெல்லாம் வலி. மேசையில் முந்தின நாள் பிசிர் எடுக்காமல் நின்றுபோன பியூஸ் கேரியர்கள் பலகை பலகையாக அடுக்கியிருந்தன. மேஸ்திரி வந்து, "நேத்து எங்க போன?" என்று கேட்டார்.

"வெளியூர் போயிருந்தேன்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கத்தியை எடுத்து வேலையை ஆரம்பித்தேன்.